எடை எந்தக் காலில்? உருவம் வரையப் பழகுபவர்களுக்கு

மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் சென்னையில் குறைவு. ஓவியக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மாணவருக்கு அது போதாது. ஒருமுறை அதைச் சுற்றி நடந்து பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். பாறையை நகர்த்தும் நால்வரில் யார் எந்தக் காலில் ஊன்றியிருக்கிறார், எந்தத் தோள் முந்துகிறது, முதுகில் ஏறிய முறுக்கு இடுப்பு வழியாக எந்தக் குதிகாலில் போய் இறங்குகிறது என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உருவ ஓவியத்தின் பாதிக் கதவு திறந்துவிட்டது.

அந்தச் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, 1929 இல் சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவராக வந்தவர். மல்யுத்தம் பழகியவர், ஓர் உடம்பு இன்னோர் உடம்பைத் தள்ளும்போது பாரம் எங்கே விழும் என்று அனுபவித்துத் தெரிந்தவர். சிலை 1959 இல் திறக்கப்பட்டது. அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்த ஓவியப் பள்ளியின் இரவுக் காவலாளி, இன்னொருவர் மாணவர். உழைப்பைச் சிலையாக்க, உழைக்கும் ஒருவர் மணிக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கிறார். அப்படி நிற்பதும் உழைப்புதான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இரண்டையும் சேர்த்துத்தான். எதிரில் நிற்பவரின் எடையைப் பாருங்கள். நிற்பவர் உங்களைப் போலவே வேலை பார்க்க வந்த மனிதர் என்பதையும் பாருங்கள். இந்த இரண்டு பார்வையும் படிந்த மாணவர்கள் பின்னால் எந்த வேலைக்குப் போனாலும் தனியாகத் தெரிகிறார்கள்.

புகைப்படம் இருக்கிறதே, கணினியில் எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைக்கும் முப்பரிமாண உருவம் இருக்கிறதே, பிறகு எதற்கு ஆளை எதிரில் நிறுத்தி வரையும் லைஃப் டிராயிங் என்று முதலாண்டு மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புகைப்படத்தில் எது வெளிச்சம், எது நிழல், எது விளிம்பு என்று கேமரா ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது. உயிருள்ள ஆள் எதிரில் நின்றால் அந்த முடிவுகளை நீங்கள் எடுக்க வேண்டும். அவர் மூச்சு விடுகிறார். பத்து நிமிடத்தில் தோள் தளர்கிறது. இடுப்பு மெல்லச் சாய்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நொடிக்கு நொடி தீர்மானித்தாக வேண்டும். இந்தத் தீர்மானிக்கும் பழக்கத்துக்குத்தான் பின்னால் சம்பளம் கொடுக்கிறார்கள்.

முதல் மாதம்

சாமான்களில் பணத்தைக் கொட்ட வேண்டாம். நியூஸ்பிரிண்ட் தாள் ஒரு பெரிய கட்டு, கிளிப் வைத்த டிராயிங் போர்டு, சார்க்கோல் குச்சிகள், பிசைந்து உருட்டும் ரப்பர், ஒரு பழைய பருத்தித் துணி. இவை போதும். சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருத் தாள் கடைகளுக்கு நாலைந்து பேராகச் சேர்ந்து போய் மொத்தமாக வாங்குங்கள். விலை உயர்ந்த தாள் கையைக் கட்டிப்போடும். வீணாகிவிடுமோ என்ற பயத்தில் கோடு சுருங்கிவிடும். பென்சிலை முதல் மாதம் தள்ளியே வையுங்கள். கூரான முனை கையில் இருந்தால் புருவமும் இமைமயிரும் வரைய ஆசை வரும். சார்க்கோலைப் படுக்கவைத்து இழுத்தால் அகலமான கோடுதான் வரும். தவறினால் துணியால் ஒரு தட்டு, போய்விடும்.

போர்டை மடியில் படுக்கவைக்காதீர்கள். ஈசல் தாங்கியில் நேராக நிறுத்துங்கள். தாளும் மாடலும் ஒரே பார்வையில் படவேண்டும். தலையைக் குனிந்து நிமிர்ந்து கொண்டிருந்தால் பார்த்தது பாதி வழியில் தொலையும். தாள் படுத்திருந்தால் அளவுகளும் இழுபட்டுவிடும். மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் தோளிலிருந்து கையை வீசுங்கள். உருவம் தாளின் மேலிருந்து கீழ்வரை நிறைய வேண்டும்.

ஒவ்வொரு வகுப்பையும் 30 நொடி, 1 நிமிடம், 2 நிமிடப் போஸ்களோடு தொடங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. 30 நொடியில் முகம் வரைய முடியாது. விரல் வரைய முடியாது. தலை எங்கே, முதுகுத்தண்டு எப்படி வளைகிறது, எந்தக் கால் தாங்குகிறது என்ற மூன்று கேள்விக்குத்தான் நேரம் இருக்கும். அந்த மூன்றும் சரியாக விழுந்த தாளில் ஆள் நிற்பார். அவை தவறிய தாளில் மூன்று மணி நேரம் நிழல் தீட்டினாலும் ஆள் மிதப்பார்.

நேராக நிற்பவரைவிட ஒரு காலில் சாய்ந்து நிற்பவரே நல்ல பாடம். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டை நினைவில் வையுங்கள். மாடலின் கழுத்துக்குழியிலிருந்து அப்படி ஒரு நூலைத் தொங்கவிட்டால், எடை தாங்கும் காலின் கணுக்காலுக்கு அருகில் வந்து விழும். தாங்கும் பக்கத்தில் இடுப்பெலும்பு மேலே ஏறியிருக்கும். அதே பக்கத் தோள் கீழே இறங்கியிருக்கும். மற்றக் கால் சும்மா தளர்ந்து முழங்கால் மடங்கி நிற்கும். இடுப்புக் கோடும் தோள் கோடும் எதிரெதிராகச் சாய்வதைக் கண்டுபிடித்து முதலில் அந்த இரண்டு கோட்டைப் போட்டுவிடுங்கள். மீதி எல்லாம் அவற்றின் மேல் ஏறும்.

இதை ஐரோப்பியப் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு ஒரு ஸ்கெட்ச் புத்தகத்தோடு போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரில் ஆண் பக்கமும் பெண் பக்கமும் எடையை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பார்த்து வரையுங்கள். தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போக முடிந்தால், அதே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவரின் முன்னால் ஒரு காலைப்பொழுதைச் செலவிடுங்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்த்த சிலை. சாய்ந்திருக்க வேண்டிய காளை இப்போது இல்லை. ஆனாலும் கை மடங்கியிருக்கும் விதத்தில் காளையின் உயரம் தெரிகிறது. கால்கள் குறுக்காகத் தளர்ந்திருப்பதில் பாரம் எவ்வளவு அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரிகிறது. இல்லாத ஒன்றின் மேல் சாய்ந்திருப்பதை நம்பவைத்த அந்த வார்ப்புக் கலைஞர், என் எண்ணத்தில், உருவம் வரைபவர்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆசிரியர்களில் ஒருவர். வகுப்பில் நாற்காலியில் சாய்ந்த மாடலை வரையும்போது இதே சோதனையைச் செய்யுங்கள். நாற்காலியை வரையாமல் விட்டால் உங்கள் உருவம் சாய்ந்தே இருக்கிறதா, விழுகிறதா?

அளவும் எலும்பும்

வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ 7½ தலை. வீரர்களையும் தேவர்களையும் வரைபவர்கள் 8 தலை வைப்பார்கள். ஒரு வயதுக் குழந்தை 4 தலை. கண்கள் தலையின் நடுப்பாதியில் இருக்கின்றன. புதியவர்கள் நெற்றியைக் குறுக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறார்கள். முழு உயரத்தின் நடுப்பகுதி தொப்புளில் இல்லை, அதற்கும் கீழே தொடைகள் சேரும் இடத்தில். கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி தொடையின் நடுவரை வரும்.

நம் சிற்பிகளிடம் இதற்கு இன்னும் நுட்பமான கணக்கு இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம். அது 12 அங்குலம். இந்த அங்குலம் அளவுகோலில் உள்ளது அல்ல, சிலையின் உயரத்திலிருந்தே பிரித்தெடுப்பது. தச தால அளவுகளில் உயர்ந்ததான உத்தம தச தாலத்தில் முழு உருவம் 124 அங்குலம். மாமல்லபுரத்தில் 1957 இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை, சிற்பக் கல்லூரியில் இன்றும் மாணவர்கள் இந்தக் கணக்கில்தான் வளர்கிறார்கள். சென்னை, கும்பகோணம் ஓவியக் கல்லூரி மாணவர்களும் மாமல்லபுரத்து மாணவர்களும் ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்கார்ந்தால் இருவருக்கும் லாபம்.

ஆனால் கணக்கு நிற்கும் உருவத்துக்குத்தான். மாடல் உட்கார்ந்த உடனே, முழங்கால் உங்களை நோக்கி நீண்ட உடனே, 7½ தலை உடைந்துபோகும். தொடை சுருங்கி ஒரு வட்டமாகத் தெரியும். மூளையோ ‘தொடை நீளமானது’ என்று பிடிவாதம் பிடிக்கும். அங்கே தெரிந்ததை வரையாமல் தெரிவதை வரைய வேண்டும். முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளந்து பாருங்கள். அதைவிட நல்ல வழி, உடம்புக்கு வெளியே உள்ள வடிவத்தைப் பார்ப்பது. இடுப்பில் கைவைத்து நிற்பவரின் கைக்கும் விலாவுக்கும் நடுவே உள்ள முக்கோணத்தைச் சரியாக வரைந்தால் கை தானே சரியாக வந்துவிடும். அந்த முக்கோணத்துக்குப் பெயர் இல்லை என்பதால் மூளை அதில் தலையிடாது.

உடற்கூறு எவ்வளவு படிக்க வேண்டும்? மருத்துவ மாணவர் அளவுக்கு வேண்டாம். எல்லாத் தசையின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டுப் படத்தில் உரித்த உடம்பைக் கொண்டுவருகிற மாணவர்கள் உண்டு. எலும்பு தோலைத் தொடும் இடங்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்: காறை எலும்பு, தோள் முனை, கழுத்தின் பின்புறம் துருத்தும் எலும்பு, இடுப்பெலும்பின் முன் முனைகள், முழங்கால் சில்லு, கணுக்கால். ஆள் பருத்தாலும் மெலிந்தாலும் இந்த இடங்கள் அதிகம் மாறுவதில்லை. உங்கள் உடம்பிலேயே தொட்டுப் பார்க்கலாம். பிறகு தோள்பட்டை எலும்பு. கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது அது முதுகில் நகர்ந்து சுழல்வதை, சட்டையில்லாமல் வேலை செய்யும் எவர் முதுகிலும் காணலாம்.

நம் கல்லூரிகளில் மாடலாக வருபவர்கள் பெரும்பாலும் வயதான, உழைத்து மெலிந்த உடம்புக்காரர்கள். ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள விளையாட்டு வீரர் உடம்பு கிடைக்கவில்லையே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். விலாவும் காறையும் நரம்பும் தெளிவாகத் தெரியும் உடம்பைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவரைச் செதுக்கியவர், அப்படி ஓர் உடம்பை வெகுநேரம் பார்த்துத்தான் அந்த விலாவைச் செதுக்கியிருக்க வேண்டும்.

நம் தோலின் நிறம்

வண்ணத்துக்கு வரும்போது மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். காரணம் அவர்களின் கை அல்ல, அவர்கள் கற்ற பாடம். உருவ ஓவியம் பற்றிக் கிடைக்கும் பெரும்பாலான புத்தகங்களும் காணொளிகளும் வெளிறிய தோலுக்கு எழுதப்பட்டவை. சிறுவயதில் ‘ஸ்கின் கலர்’ என்று நமக்குக் கொடுத்த கிரேயானின் நிறம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை. அதே பழக்கத்தில் கல்லூரியிலும் முதலில் இளஞ்சிவப்பு கலந்து, பிறகு அதைப் பழுப்பால் அழுக்காக்கி, மாடலின் முகத்தை மண் பூசியதாக்கிவிடுகிறார்கள்.

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்ற நான்கே நிறங்களில் உருவங்களைத் தீட்டியதால் அந்தத் தட்டு அவர் பெயராலேயே வழங்குகிறது. குறைந்த நிறத்தோடு பழகுவது நல்ல பயிற்சி. நம் தோலுக்கு நான் பரிந்துரைக்கும் தட்டு வேறு: யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரீன் நீலம், டைட்டானியம் வெள்ளை. குழாயில் வரும் கறுப்பு வேண்டாம். பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரீனையும் கலந்தால் ஆழமான இருள் கிடைக்கும். சியன்னாவைக் கூட்டினால் சூடாகும், நீலத்தைக் கூட்டினால் குளிரும். கருத்த தோலின் நிழல் முழுக்க இந்த இரண்டின் ஊசலாட்டத்தில்தான் உயிர் பெறுகிறது.

வெள்ளை முதல் கறுப்பு வரை பத்துப் படிகள் போட்டுக்கொண்டால், கருத்த தோலின் நடுநிறம் ஆறிலோ ஏழிலோ இருக்கும். அங்கிருந்து இருளுக்குப் போக இடம் குறைவு. அதனால் நிழலுக்குள் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும். ஒளிப்புள்ளியோ எதிர்மாறு. வெளிறிய தோலில் ஒளிப்புள்ளி சுற்றியுள்ள நிறத்தோடு கரைந்துவிடும். கருத்த தோலில் அது பளிச்சென்று தனித்து நிற்கும். அந்த ஒளி எங்கிருந்து வருகிறதோ அந்த நிறத்திலேயே நிற்கும். ஜன்னல் வழியே வானம் தெரிந்தால் நெற்றியில் நீலம் இருக்கும். டியூப்லைட்டின் கீழே வேறு குளிர்ச்சி. அந்த இடத்தில் வெறும் வெள்ளையை வைத்தால் பவுடர் பூசியதுபோல் ஆகிவிடும். சிவப்புத் தரை இருந்தால் தாடைக்குக் கீழே அதன் சூடு ஏறியிருக்கும். முட்டியும் முழங்கையும் விரல் கணுவும் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கும்; உள்ளங்கையும் பாதத்தின் அடியும் வெளிறும். மழித்த தாடையில் சாம்பல் நீலம் ஓடும். ஒரே முகத்தில் இவ்வளவு நிறம் இருக்க, ஒரே பழுப்பைக் குழைத்து முழு உடம்புக்கும் பூசுவது பார்க்காததன் அடையாளம்.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த எஸ். இளையராஜாவின் ஓவியங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். கதவோரம், அடுப்படி, முற்றம் என்று அவர் தீட்டிய மாநிறப் பெண்கள்மீது விழும் வெளிச்சம் தமிழ்நாட்டு வீட்டுக்குள் விழும் வெளிச்சம். 2021 ஜூன் மாதம் கொரோனா அவரை இளவயதிலேயே கொண்டுபோனது நமக்குப் பெரிய இழப்பு. அவரை நகலெடுப்பவர்கள் இன்று ஏராளம். பின்னலையும் சேலைக் கரையையும் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது, தோலின் மேல் ஒளி எங்கே நிற்கிறது என்பதில் அவர் காட்டிய பொறுமை.

எண்ணெய் வண்ணம் என்றால் ஒரு எச்சரிக்கை. விடுதி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டர்பன்டைன் திறக்காதீர்கள். தூரிகையை வாயில் வைத்து நுனி கூட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சில நிறமிகளில் ஈயமும் காட்மியமும் உண்டு.

எதிரில் நிற்பவர்

20, 25 நிமிடம் ஒரே போஸில் நின்று பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் முழங்கால் பேசத் தொடங்கும். அதன் பிறகு தோள். இதைத் தினமும் கூலிக்குச் செய்பவர்தான் மாடல். ஒவ்வொரு நீண்ட போஸுக்கும் நடுவே ஐந்து நிமிட ஓய்வு அவருக்குக் கட்டாயம் உண்டு. ‘இன்னும் ரெண்டு நிமிஷம் ஐயா’ என்று இழுக்காதீர்கள். ஓய்வுக்குப் பிறகு அதே இடத்தில் நிற்க, பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைக்கலாம். உடை மாற்ற மறைப்பு, குடிக்கத் தண்ணீர், மின்விசிறியை அவருக்கு ஏற்றபடி வைப்பது, இவை வகுப்பின் பொறுப்பு. போஸைத் திருத்த வேண்டுமென்றால் வாயால் சொல்லுங்கள், அல்லது நீங்களே அப்படி நின்று காட்டுங்கள். தொட்டுத் திருத்தக் கூடாது. அலைபேசி பையிலேயே இருக்கட்டும். புகைப்படம் எடுக்கவே கூடாது. வரைந்த படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதற்கும் முகம் அடையாளம் தெரியுமானால் கேட்டுவிட்டுப் போடுங்கள். பெயரைத் தெரிந்துகொண்டு பெரியவர்களாக இருந்தால் அம்மா, ஐயா என்று கூப்பிடுங்கள். முடிந்ததும் படத்தைக் காட்டுங்கள். தன்னை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் உரிமை அவருக்கு எல்லோரையும்விட அதிகம்.

நண்பர்கள் சேர்ந்து வெளியே மாடல் வைத்து வரைந்தால், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எந்த உடை, யார் யார் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசி, பணத்தை அன்றே கையில் கொடுங்கள்.

நம் வகுப்புகளில் பெரும்பாலும் உடையோடு, அல்லது வேட்டி, துண்டு அளவில்தான் மாடல்கள் அமர்கிறார்கள். ஆடையில்லாத முழு உருவம் வரையும் வாய்ப்பு சில இடங்களில் கிடைக்கும். வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கும் மாணவிகளை அடிக்கடி சந்திக்கிறேன். மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. ஸ்கெட்ச் புத்தகத்தை அம்மா கையில் கொடுத்து, குனிந்து பெருக்கும் பாட்டி, தூங்கும் தம்பி, பிறகு வகுப்பு மாடல் என்று ஒரே வரிசையில் காட்டினால் எல்லாமே ஒரே படிப்பு என்று அவர்களுக்குப் புரியும். இந்த வகுப்பில் உட்காரும் உரிமை பெண்களுக்கு எளிதில் கிடைத்ததல்ல. லண்டன் ராயல் அகாடமியை 1768 இல் நிறுவியவர்களில் ஆஞ்சலிக்கா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆனால் அதன் மாணவிகள், அரைகுறை உடையிலாவது நிற்கும் ஆண் மாடலை வரைய 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உருவம் வரையத் தெரியாதவர்களுக்குப் பெரிய ஓவியப் பணிகள் கிடைக்கவில்லை. கதவை அடைத்துவிட்டு, பெண்களில் பெரிய ஓவியர்கள் இல்லை என்றார்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1954 இல் அக்பர் பதம்ஸீ பம்பாயில் வைத்த ‘காதலர்கள்’ ஓவியங்களுக்காகக் கைதாகி, வழக்கில் வென்றார். அதே பதம்ஸீயும் எஃப்.என். சூசாவும் வரைந்த ஆடையற்ற உருவங்களைச் சுங்கத்துறை ஆபாசம் என்று பறிமுதல் செய்தபோது, 2024 இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆடையில்லாத உருவம் என்பதாலேயே ஓவியம் ஆபாசமாகிவிடாது என்பதில் நீதிமன்றங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனாலும் எங்கே, யார் முன்னால் காட்டுகிறோம் என்ற விவேகம் தேவை. கண்காட்சி அமைப்பாளரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

மாடல் இல்லாத நாட்களில்

கண்ணாடி இருக்கிறது, சம்பளம் கேட்காத, எப்போதும் கிடைக்கும் மாடல் நீங்கள்தான். உங்கள் இடது கையை, பாதத்தை, காதைத் தினமும் வரையுங்கள். எழும்பூர் ரயில் நிலையத்தில் காத்திருப்பவர்கள் நீண்ட நேரம் அசைவதில்லை. கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர் அடுத்த நொடியே போய்விடுவார். அவருக்கு உங்கள் 30 நொடிப் பயிற்சி. கபடி ஆடும் இடத்துக்குப் போங்கள். பரதநாட்டிய வகுப்பில் அனுமதி கேட்டு உட்கார்ந்தால் அரைமண்டியில் எடை இரண்டு பாதத்துக்கும் நடுவே சமமாக விழுவதைக் காணலாம். யாராவது கவனித்துக் கேட்டால் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள்.

நகலெடுப்பதையும் தாழ்வாக நினைக்க வேண்டாம். 1880 இல், 27 வயதில், ஓவியராவது என்று முடிவெடுத்த வான்கோ, சார்ல் பார்கின் பயிற்சிப் படங்களை ஒவ்வொன்றாக நகலெடுத்தே தொடங்கினார். கேலிச்சித்திரக்காரர் கோபுலுவின் கோட்டில் ஒரு தொந்தி எப்படி நடக்கிறது, ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களில் உடம்பு எவ்வளவு குறைந்த மையில் நிற்கிறது என்று நகலெடுத்துப் பார்த்தால் புரியும்.

வேலை

வாழ்க்கைக்கு இது உதவுமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுக் கலையை மட்டும் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கும்பகோணத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கடன் வாங்கிப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி முதல் கேள்வி.

அனிமேஷன், கேம் ஸ்டுடியோக்கள் உருவம் வரையத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. இது புதிய வழக்கமல்ல. 1932 இல் வால்ட் டிஸ்னி, டொனால்ட் கிரஹாம் என்ற ஓவிய ஆசிரியரைக் கொண்டுவந்து தன் ஊழியர்களுக்கு லைஃப் டிராயிங் வகுப்பு நடத்தினார். 1937 இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ அந்தப் பயிற்சியின் மேல் நின்ற படம். மென்பொருளை நிறுவனம் ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடும். எடையைப் பார்க்கும் கண்ணைக் கொடுக்க முடியாது. திரைப்படத்துக்கு ஸ்டோரிபோர்டு வரைபவர்கள் கோடம்பாக்கத்தில் உண்டு. அங்கே அழகைவிட வேகம் முக்கியம். இயக்குநர் சொல்லச் சொல்ல ஆள் ஓடி விழுந்து எழ வேண்டும்.

மருத்துவப் படங்கள் வரைவது நம்மவர்கள் கவனிக்காத துறை. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் புரட்டும் உடற்கூறு அட்லஸை வரைந்த ஃபிராங்க் நெட்டர், முதலில் ஓவியம் படித்துவிட்டுப் பிறகு அறுவை மருத்துவம் படித்தவர். சென்னை ஓவியப் பள்ளியை 1850 இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டரும் ஒரு மருத்துவர்தான். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களும் பாடநூல் பதிப்பகங்களும் நல்ல கை கிடைத்தால் விடுவதில்லை. நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைக்கு அரசு தொழில்நுட்பத் தேர்வும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் பார்க்கிறார்கள். பட்டப்படிப்பு முடியும் வரை காத்திராமல் இடையிலேயே எழுதி வைக்கலாம். வடிவமைப்புக்குப் போக விரும்பினால் என்.ஐ.டி., யுசீட் போன்ற நுழைவுத் தேர்வுகளில் கையால் வரையும் பகுதி உண்டு. கூட்டத்தில் மனிதர்களைப் போட்டு ஒரு காட்சி வரையச் சொல்லும் கேள்விகளில், உருவம் வரைந்து பழகியவர்கள் நேரத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

உருவப்படம் வரைந்து கொடுக்கும் வேலை மாணவப் பருவத்திலேயே வரும். மணிவிழா, நினைவுநாள், புதுமனை என்று கேட்பார்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் கேன்வாஸை ஆணியடிக்காதீர்கள். அளவு, முடிக்கும் நாள், எத்தனை முறை திருத்தம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வையுங்கள். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகும். பின்னால் அதை உங்கள் புத்தகத்திலோ அட்டையிலோ அச்சிட வேண்டுமென்றால் உரிமை உங்களிடமே இருக்கும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். மறைந்தவரின் படத்துக்கு மங்கலான பழைய புகைப்படம் ஒன்றை மட்டும் கொடுத்தால், வேறு கோணத்தில் இன்னும் இரண்டு கேளுங்கள். அலைபேசியில் முகத்துக்கு மிக அருகே எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கியிருக்கும். எலும்பு தெரிந்தவர்தான் அதைத் திருத்த முடியும்.

போர்ட்ஃபோலியோவில் 15 முதல் 20 தாள் போதும். இறுக்கி முடித்த படங்களாகவே அடுக்காதீர்கள். முதல் பக்கத்தில் ஒரு நிமிட ஸ்கெட்ச்கள் நிறைந்த தாள் ஒன்று, கை கால்கள் மட்டும் ஒன்று, வயதானவர், குழந்தை, பருமனானவர் என்று வெவ்வேறு உடம்புகள், அதன்பின் நீண்ட போஸில் முடித்த இரண்டு மூன்று, வண்ணத்தில் இரண்டு. சினிமா நட்சத்திரத்தின் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே தீட்டியது எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் வெளியே எடுத்துவிடுங்கள். தேர்வு செய்பவர் அதைத் தினமும் பார்க்கிறார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியும் போஸின் நேரமும் எழுதுங்கள். எவ்வளவு நேரத்தில் இவ்வளவு என்பதே அவர்கள் தேடும் தகவல். மின்வடிவில் அனுப்ப, வெயில் நேரடியாகப் படாத வாசலில் காலை வெளிச்சத்தில் படமெடுங்கள். ஃபிளாஷ் போட்டால் சார்க்கோல் வெளிறிவிடும். அசல் தாள்களை நேர்முகத்துக்குக் கொண்டுபோவதானால் ஃபிக்சேட்டிவ் அடித்துக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்துக் கட்டுங்கள். இல்லையென்றால் பேருந்தின் குலுக்கலில் தாளோடு தாள் உராய்ந்து பாதிக் கரி அடுத்த படத்தின் முதுகுக்குப் போய்விடும்.